முதல் அறிவியல் மாநாட்டில் யாரிடம் பேசுவது, என்ன கேட்பது?

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருப்பதாகவும், முதன்முறையாக ஒரு பன்னாட்டு மாநாட்டில் உங்கள் போஸ்டர் (ஆய்வைப் பெரிய தாளில் அச்சடித்து, அருகில் நின்று விளக்கும் காட்சி) ஏற்கப்பட்டிருப்பதாகவும், நெறியாளர் உடன் வர இயலாத நிலையில் அறிமுகமானவர் ஒருவரும் இல்லாத இடத்துக்குப் போகவிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்த அமர்வுகளுக்குச் செல்வது, துறையின் பெரியவர்களை எப்படி அணுகுவது, பதில் தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது என்ற மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. இவ்வளவு செலவும் சில நாள் உழைப்பும் கொடுத்துப் போகிற இடத்திலிருந்து, கட்டுரைகளைப் படித்தே பெற முடியாத எதைப் பெற்று வர வேண்டும் என்பதுதான் அது. அதற்கு விடை தெளிவானால் மற்ற மூன்றும் பெரும்பாலும் தாமாகவே தீர்ந்துவிடும்.

நான் பழகியது ஆய்வகச் சோதனைகளை நம்பி நடக்கும் அறிவியல் துறைகள். அங்கே மாணவர்களைப் பல ஆண்டுகளாக மாநாடுகளுக்கு அனுப்பியும், அமர்வுகளுக்குத் தலைமை தாங்கியும், போஸ்டர்களை மதிப்பிட்டும் வந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். கணினி அறிவியலில் நிலைமை வேறு. அங்கே முக்கிய மாநாடுகளில் முழுக் கட்டுரையே சக மதிப்பாய்வுக்கு, அதாவது அதே துறையின் பிற ஆய்வாளர்களின் பரிசீலனைக்கு, உட்பட்டு ஏற்கப்படுகிறது. அதுவே இறுதி வெளியீடாகவும் கருதப்படுகிறது. மற்றத் துறைகளில் பெரும்பாலும் அரைப் பக்கச் சுருக்கத்தை மட்டுமே பார்த்து அனுமதி தருகிறார்கள். ஆகவே, கீழே சொல்வதில் வெளியீடு தொடர்பானவற்றை உங்கள் துறை வழக்கத்தோடு ஒப்பிட்டே எடுத்துக்கொள்ளுங்கள்.

அச்சேறிய கட்டுரையில் முறை ஒழுங்காக, வெற்றியின் வரிசையில் எழுதப்பட்டிருக்கும். எத்தனை மாதிரிகள் கெட்டுப்போயின, எந்த வேதிப்பொருளை மாற்றிய பிறகு சோதனை நடந்தது, எந்த முடிவை ஆசிரியர்களே அரைமனத்தோடு நம்புகிறார்கள் என்பவை அதில் இரா. இவை பேச்சில் மட்டுமே கிடைக்கும். மாநாட்டின் முதன்மைப் பயன் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அறிவியல் சமூகமும் இதை நன்கு அறிந்தே இருக்கிறது. 1931-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கோடைக்கால அமர்வுகளிலிருந்து வளர்ந்த கார்டன் ஆய்வு மாநாடுகளில், அங்கே பேசப்படுவதைப் பதிவு செய்யவோ, சொன்னவரின் அனுமதியின்றி வெளியே பயன்படுத்தவோ கூடாது என்பது விதி. அச்சில் சொல்லத் தயங்குவதை மனம் விட்டுப் பேச வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

மேடையில் நடப்பதே மாநாடு என்று எண்ணிவிடாமல் இருக்க, 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடிய நிகழ்வை நினைவில் வையுங்கள். அணு எடைகளைப் பற்றிய குழப்பத்தைத் தீர்ப்பதற்காக ஏறத்தாழ 140 பேர் மூன்று நாள் விவாதித்தும் உறுதியான முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. கூட்டம் கலையும் நேரத்தில், இத்தாலிய வேதியியலாளர் கன்னிஸாரோ அணு எடைகளைக் கணக்கிடும் வழியை விளக்கி 1858-இல் எழுதிய ஒரு சிறு நூலின் படிகளை அவருடைய நண்பர் பவேசி வந்தவர்களுக்கு வழங்கினார். அதை எடுத்துச் சென்று படித்த ஜெர்மன் வேதியியலாளர் லோத்தர் மேயருக்கு விஷயம் தெளிவானது. 26 வயதில் அக்கூட்டத்துக்கு வந்திருந்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ், 1869-இல் தனிம வரிசை அட்டவணையை வெளியிட்டார். மூன்று நாள் விவாதத்தைவிடக் கடைசி நேரத்தில் கைமாறிய தாள்களே நெடுநாள் பயன்பட்டன.

இனி, யாரிடம் பேசுவது என்பதற்கு வருகிறேன். புதிதாகச் செல்லும் மாணவர்கள் பெரும்பாலோர் துறையின் நான்கைந்து பெரிய பெயர்களைக் குறித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைக் கண்டு தயங்கித் திரும்புகிறார்கள். நான் சொல்வது வேறு. நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் கட்டுரைகளை எடுத்து அவற்றின் முதலாசிரியர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலான சோதனைத் துறைகளில் முதலாசிரியர் என்பவர் அந்த வேலையைக் கையால் செய்தவர். உங்களைப் போன்ற மாணவராகவோ அண்மையில் பட்டம் முடித்தவராகவோ இருப்பார். அந்தப் பெயர்களை நிகழ்ச்சி நிரலில் தேடினால், இரண்டு மூன்று பேராவது போஸ்டர் அரங்கில் ஆளின்றி நிற்பார்கள். படம் மூன்றில் இரண்டு மாதிரிகள் மட்டும் விலகி நிற்பது ஏன், இரவு முழுவதும் குளிர்நிலையில் வைத்தது அவசியமா அல்லது ஆய்வகப் பழக்கமா, பத்து முறை செய்தால் எத்தனை முறை பலிக்கும் என்பன போன்ற கேள்விகளுக்கு அவர்களால்தான் விடை சொல்ல முடியும். நெறியாளர்களுக்குப் பல சமயம் இவை தெரிந்திருப்பதே இல்லை. இன்னொன்றும் உண்டு. அடுத்த இருபது ஆண்டுகளில் உங்கள் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்யப்போகிறவர்களும் உங்களோடு சேர்ந்து நிதிக்கு விண்ணப்பிக்கப்போகிறவர்களும் இந்தத் தலைமுறையினரே.

ஆகவே, கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் ஆய்வில் இப்போது முட்டிக்கொண்டு நிற்கும் இடங்களைக் கேள்விகளாக எழுதுவது. 'இந்தத் துறையின் எதிர்காலம் எப்படி இருக்கும்' என்பது போன்ற அகன்ற கேள்வி எவரையும் பேசவைக்காது. குறுகிய, தொழில்நுட்பமான கேள்வி எவரையும் பேசவைக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில் அதற்கு விடை தரக்கூடிய ஒருவரின் பெயரை எழுதுங்கள். ஐந்தாறு பெயர் போதும். உறவு வளர்ப்பது எப்படி என்று கற்பிக்கும் அறிவுரைகள் ஏராளமாக உலவுகின்றன. கையில் உண்மையான கேள்வி ஒன்று இருப்பவருக்கு அவற்றில் முக்கால்வாசி தேவைப்படுவதில்லை.

பெரியவர்களை அறவே அணுக வேண்டாம் என்று சொல்லவில்லை. உரை முடிந்த கணத்தில் மேடையடியில் போய் நிற்பதைவிட, மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்பே நான்கைந்து வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது மேல். நீங்கள் யார், எந்தக் கட்டுரை தொடர்பாக என்ன கேட்க விரும்புகிறீர்கள், இடைவேளையில் பதினைந்து நிமிடம் கிடைக்குமா என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். பலர் பதில் எழுத மாட்டார்கள்; அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நெறியாளர் வர இயலாது என்றால், அவருக்குத் தெரிந்த இருவருக்கு உங்களை அறிமுகப்படுத்தி அவரையே எழுதச் சொல்லுங்கள். நெறியாளர் செய்யக்கூடிய உதவிகளில் இதுவே மிக எளியது; ஆயினும் நாமாகக் கேட்காவிட்டால் அநேகமாக அது நடப்பதில்லை. சந்திப்பில் பெயர், நிறுவனம், ஆய்வைப் பற்றி ஒரு வாக்கியம், பிறகு நேரே கேள்வி என்று போங்கள். பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியிடம் உண்டா என்பதை முதல் வாக்கியமாக்காதீர்கள். ஆய்வைப் பற்றிய பேச்சு நன்றாக அமைந்தால் அதைக் கேட்க இடம் தானே வரும்.

வயதும் பட்டமும் வாதத்துக்குத் தடை அல்ல என்பதற்கு இயற்பியலில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1962-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த 22 வயது பிரயன் ஜோசஃப்சன், மீகடத்திகளுக்கு (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களுக்கு) இடையிலான ஊடுருவல் மின்னோட்டம் பற்றிய தம் கணிப்பை வெளியிட்டார். மீகடத்துத்திறன் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரும் அதற்கு முன்பே டிரான்சிஸ்டருக்காக நோபல் பரிசு பெற்றவருமான ஜான் பார்டீன் அதை ஏற்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் லண்டனில் நடந்த தாழ்வெப்பநிலை இயற்பியல் மாநாட்டில் இருவரும் நேருக்கு நேர் தம் வாதங்களை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த சோதனை மாணவர் பக்கம் நின்றது. 1973-இல் அவருக்கும் நோபல் கிடைத்தது. இதைக் காட்டி எல்லாரும் மேடையில் வாதிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரியவரோடு முரண்படும் மாணவர்களில் பெரும்பாலோர் தவறாகத்தான் இருப்பார்கள். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையோடு முரண்படுவது அங்கே குற்றமாகக் கருதப்படுவதில்லை என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது.

அமர்வுகளைத் தேர்வதில், பெரிய மாநாட்டுக்கும் சிறிய மாநாட்டுக்கும் வேறுபாடு மிகப் பெரிது. அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டம் போன்றவற்றுக்கு 20,000-க்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரைகள் நடக்கும். இருநூறு பேருக்குள் அடங்கும் கூட்டத்தில் மூன்றாம் நாளுக்குள் எல்லா முகமும் பழகிவிடும். உங்களுடையது பெரிய மாநாடு என்றால், அரை நாளுக்கு இரண்டு மூன்று உரைகளை மட்டும் குறித்துக்கொண்டு, ஒரு நாளுக்கு ஓர் அமர்வில் மட்டுமாவது தொடக்கம் முதல் இறுதி வரை அமருங்கள். அரங்கு விட்டு அரங்கு ஓடுகிறவருக்கு உரைகள் கிடைக்கும், அவற்றைத் தொடரும் விவாதம் கிடைக்காது. உங்கள் தலைப்புக்குச் சற்றே வெளியே உள்ள ஓர் அமர்வையும் சேர்த்துக்கொள்வது நல்லது என்பது என் விருப்பம் சார்ந்த கருத்து. சிலர் இதை நேர விரயம் என்பார்கள். சில அமர்வுகளைத் தவிர்ப்பது தவறில்லை. மூன்றாம் நாள் பிற்பகலில் மூளை எதையும் ஏற்காது. அறைக்குச் சென்று இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு மாலை போஸ்டர் அரங்குக்குத் தெளிவாக வருவதே மேல்.

போஸ்டர் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. பலகையின் அளவையும் அது நெடுவாக்கா கிடைவாக்கா என்பதையும் ஏற்பாட்டாளரின் குறிப்பில் பார்க்காமல் அச்சடிக்காதீர்கள். பரவலாகப் பயன்படும் ஏ0 தாள் 841 மில்லிமீட்டர் அகலமும் 1189 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது; கிடைவாக்கில் அச்சடித்துவிட்டால் நெடுவாக்குப் பலகையில் இருபுறமும் துருத்தி நிற்கும். ஒன்றரை மீட்டர் தொலைவில் நின்று படிக்க முடியாத எழுத்து வீண். உட்பகுதி எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது என்பது நான் மாணவர்களிடம் வைக்கும் வரம்பு. முன்னுரை, முறை, முடிவு என்று கட்டுரையை அப்படியே கட்டம் கட்டி ஒட்டுவதைவிட, தலைப்பையே கண்டறிந்த முடிவாக எழுதி, அதை நிறுவும் இரண்டு மூன்று படங்களைப் பெரிதாக வைப்பது எனக்கு உகந்தது. 2019-இல் மைக் மாரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர் முன்வைத்த, முதன்மை முடிவை நடுவில் மிகப் பெரிய எழுத்தில் நிறுத்தும் வடிவமும் பரவியிருக்கிறது. அது உண்மையில் கூடுதல் பார்வையாளரைக் கொண்டுவருகிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. துணியில் அச்சடித்தால் மடித்துக் கைப்பையில் வைக்கலாம். எதில் அச்சடித்தாலும் சரக்குப் பெட்டியில் போடாமல் கையோடு கொண்டு செல்லுங்கள். பிடிஎஃப் பிரதி ஒன்றும் உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

போஸ்டருக்கு முன்னால் நின்று மறைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஒருவர் வந்து பத்து விநாடி பார்த்த பிறகு, அவர் எந்தத் துறையில் வேலை செய்கிறார் என்று முதலில் கேளுங்கள். அதைத் தெரிந்துகொண்டால்தான் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும். இரண்டு நிமிட விளக்கம் ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகி வைத்திருங்கள். ஆனால் மனப்பாடமாக ஒப்பித்தால் எதிரில் இருப்பவர் இடைமறிக்கத் தயங்குவார், அவர் இடைமறிப்பதற்காகத்தான் நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்ற கவலை இருந்தால், சிறு வாக்கியங்களில் மெதுவாகப் பேசுங்கள். கேள்வி புரியாவிட்டால் மறுபடி சொல்லச் சொல்லுங்கள், அல்லது 'நீங்கள் கேட்பது இதுதானா' என்று உங்கள் சொற்களில் திருப்பிக் கேளுங்கள். தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

பதில் தெரியாத கேள்வி கட்டாயம் வரும். அதற்கு மூன்று நேர்மையான பதில்கள் உண்டு. சோதித்துப் பார்க்கவில்லை என்பது ஒன்று. சோதித்தோம், முடிவு தெளிவாக இல்லை என்பது இரண்டாவது. இதுவரை அப்படி யோசிக்கவில்லை என்பது மூன்றாவது. இவற்றில் எது உண்மையோ அதைச் சொல்லி, சோதிப்பதானால் எப்படிச் செய்வீர்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், அது நிறைவான பதிலாகவே கொள்ளப்படும். மதிப்பிடுகிறவர்களுக்கு எரிச்சலூட்டுவது அறியாமை அன்று, மழுப்பல். கேட்டவரின் பெயரையும் கேள்வியையும் அவர் நகர்ந்தவுடன் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே கேள்வியைக் கேட்டார்களானால், உங்கள் கட்டுரையின் மதிப்பாய்வாளரும் அதையே கேட்பார் என்று வைத்துக்கொள்ளலாம்.

யாரேனும் கருத்தைத் திருடிவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அப்படி நடப்பதே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. நடக்கும் என்று அஞ்சி வாயை மூடிக்கொண்டு நிற்பவர் இழப்பதே அதிகம் என்று மட்டும் சொல்வேன். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை நெறியாளரோடும் கூட்டாசிரியர்களோடும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அவர்கள் அனைவரின் ஒப்புதல் இல்லாமல் போஸ்டர் வெளியே போகக் கூடாது. காப்புரிமை பெறும் எண்ணம் இருந்தால் விஷயம் கடுமையானது. ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டத்தில், விண்ணப்பிக்கும் முன் மாநாட்டில் காட்டிய போஸ்டர்கூடப் பொது வெளியீடாகக் கணக்கிடப்பட்டு, காப்புரிமைக்குத் தேவையான புதுமையை அழித்துவிடும். அமெரிக்காவில், வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. சுருக்கங்களின் தொகுப்பு மாநாட்டுக்குச் சில வாரம் முன்பே இணையத்தில் வந்துவிடுவதால், வெளியீட்டு நாளை அதிலிருந்தே எண்ண வேண்டியிருக்கலாம். உங்கள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவைக் கேளுங்கள். இது என் அறிவுரையை நம்பி முடிவு செய்யக் கூடிய இடம் அன்று.

அங்கே கேட்பதை எவ்வளவு நம்பலாம் என்பதும் இதோடு சேர்ந்ததே. உயிர்மருத்துவத் துறைகளை ஆராய்ந்து 2018-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, மாநாட்டுச் சுருக்கங்களில் ஏறத்தாழ 37 விழுக்காடு மட்டுமே பின்னர் முழுக் கட்டுரையாக வெளியாகின்றன. எஞ்சியவை எல்லாம் தவறு என்று பொருளில்லை. நேரமின்மையும் ஒரு காரணம்தான். ஆயினும் மேடையில் கண்ட ஒரு வரைபடத்தை நம்பி உங்கள் ஆய்வின் திசையை மாற்றுவதற்கு முன், அந்த வேலையைச் செய்தவரிடம் நேரில் பேசுங்கள். மற்றவரின் ஸ்லைடையோ போஸ்டரையோ அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் இசைவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம் செலுத்தும் முன், அது உண்மையான மாநாடுதானா என்று பாருங்கள். ஏற்பாட்டுக் குழுவில் உள்ள பெயர்களில் இரண்டை எடுத்து, அவர்களின் சொந்தப் பக்கத்தில் இம்மாநாடு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேடினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அறிஞர்களின் பெயர்களை அவர்களின் இசைவில்லாமல் விளம்பரத்தில் போட்டு மாநாடு நடத்தியது உட்பட்ட ஏமாற்றுகளுக்காக, ஒரு வெளியீட்டு நிறுவனம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த வேண்டும் என்று 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. மாணவர் பயண நல்கை, தன்னார்வப் பணிக்கு ஈடாகக் கட்டண விலக்கு ஆகியவை பல அறிவியல் சங்கங்களில் உண்டு, கேட்டுப் பாருங்கள். மாலை விருந்துகளில் மது அருந்துவது எவருக்கும் கட்டாயமில்லை. எவரேனும் எல்லை மீறினால் உடனே விலகுங்கள். மாநாட்டின் நடத்தை விதிகளில், புகாரை யாரிடம் அளிப்பது என்பது குறிப்பிடப்பட்டிருக்கும். அதை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

ஒவ்வோர் இரவும் தூங்கும் முன் அன்றைய குறிப்புகளை முழு வாக்கியங்களாக எழுதிவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு, கிறுக்கி வைத்த பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாது. பேசியவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த இடத்தில் எதைப் பற்றிப் பேசினீர்கள் என்று ஒரு வரி, அனுப்புவதாகச் சொன்ன கட்டுரையோ தரவோ ஏதேனும் இருந்தால் அதன் இணைப்பு, விடுபட்ட ஒரு கேள்வி, இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பெயரைக் குறிப்பேட்டில் வைத்திருங்கள். அவருடைய அடுத்த கட்டுரை வெளிவரும்போது மறுபடி எழுதலாம்.